மேல்மாடியில் இரண்டு நாட்டுக்காரர்கள்

புக்கிட் காத்திலில் எங்கள் வரிசையின் மூலை வீடு ஜெயாக்காவுடையது. கீழே அவரும் கணவர் கணேஸ்வரனும் இருக்கிறார்கள். மேல்மாடியின் மூன்று அறைகளும், மலாக்காவுக்கு வைத்தியத்துக்காக வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. படகேறி சுமத்ராவிலிருந்து வருகிறவர்கள் பாதி, பஸ் ஏறி சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் மீதி. கணேஸ்வரன் அண்ணன் தன் வேனில் போய் அவர்களை அழைத்து வருவார், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவார். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நான் பார்த்த கதை இது.

ஜெயாக்கா மெர்லிமாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா அப்பா இருவரும் கித்தா மரத்தில் பால் வெட்டியவர்கள். பள்ளிப் படிப்பை மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மின்னியல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். தலைமுடியை விட மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் போனதுதான் மிச்சம் என்பார். தொழிற்சாலை ஒருநாள் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கொடுத்த இழப்பீட்டில் மேல்மாடியைக் கட்டினார்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அவருடைய கவலை. எதற்கும் கவலைப்படுவார். வேன் வர நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். மகன் தினேஸ்வரன் ஜொகூரில் தங்கி, தினமும் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அங்கே மழை என்று ரேடியோவில் கேட்டால் இங்கே இவருக்குக் கைகால் ஓடாது. "கவலைக்குச் சம்பளம் குடுத்தா இவதான்லா நம்ம வரிசைக்குத் தவுக்கே" என்று கணேஸ்வரன் அண்ணன் அவரைப் பெரிய முதலாளியாக்கிக் கிண்டல் செய்வார்.

வந்து தங்கும் ஆட்களைக் கவனித்துக் கவனித்து ஜெயாக்காவுக்கு ஓர் எண்ணம் படிந்திருந்தது. எல்லையைத் தாண்டியதும் மனிதன் வேறு ஆளாகிவிடுகிறான் என்பார். தன் மகனையே உதாரணம் காட்டுவார்: சிங்கப்பூர்ப் பக்கம் மிட்டாய்த் தாளைக்கூடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டி தேடுகிறவன், பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் முதல் காரியமாக அதைக் காற்றில் விடுவான்.

இந்தோனேசியக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். ஒருவருக்கு நோய் என்றால் அண்ணி, மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கூட வருவார்கள், சோற்றுப்பானையும் தலையணையுமாக. டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஜெயாக்காவைச் சுற்றி உட்கார்ந்து, "டாக்டர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?" என்று அழுவார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு பையோடு வருவார்கள். வருவதற்கு முன்பே பத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள். குழாய் ஒழுகினால் படம் எடுத்து அனுப்புவார்கள். டாக்டரையே குறுக்கு விசாரணை செய்து எல்லாம் தெரிந்துகொண்டு வருவார்கள். ஆனால் என்ன நோய், எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை ஜெயாக்காவிடம் சொல்ல மாட்டார்கள். வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்கள்.

இந்த இரண்டு வகையும் ஒரே வாரத்தில் ஒரே மாடியில் வந்து சேர்ந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் வந்தது ரொஸ்னித்தாவின் குடும்பம், சுமத்ராவில் உள்ள டூமாயிலிருந்து. அவர் கணவர் ஸைனலுக்கு இதய இரத்தக் குழாயில் அடைப்பு. ஊரில் தலைமையாசிரியராம், அவர் நடந்துவந்தால் பள்ளிக்கூடமே அடங்குமாம். இங்கே ரப்பர் செருப்போடு சோபா ஓரத்தில், மனைவி சொல்லும் பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டு ஏழு பேர்.

அவர்கள் மொழியும் நம் மலாயும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் நடுவில் காலை வாரும். வந்த மறுநாள் காலையில் ரொஸ்னித்தா ஓடிவந்து, தன் கணவரைத்தான், "பாப்பா பூசிங்!" என்றார். நமக்குப் பூசிங் என்றால் சுற்றிவருவது. பெரியவர் காலாற நடந்துவிட்டு வரப் போயிருக்கிறார் என்று நினைத்து ஜெயாக்கா, "நல்லது, நல்லது" என்று சிரித்திருக்கிறார். அந்த அம்மாள் மிரண்டு போய்ப் பார்த்த பிறகுதான், அவர்கள் ஊரில் அதற்குத் தலைசுற்றல் என்று பொருள் என்பது விளங்கி, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். அன்று மாலை அக்கா வேலி ஓரமாக வந்து வந்து நின்றார். "நான் பாட்டுக்கு நல்லதுன்னு சொல்லிட்டேனே அகல்யா. அவங்க என்னைப் பத்தி என்னா நெனச்சிருப்பாங்க?" என்று என்னிடம் பலமுறை கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஷாந்தினி வந்தாள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். சாம்பல் நிறப் பை ஒன்று, கையில் ஒரு கோப்பு. கூட யாருமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மேலே போனவள் உடனே இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, பாத்ரூம் எனக்கு மட்டும்னு போட்டிருந்துச்சே?"

"ஆமாமா, போட்டிருந்துச்சு. பக்கத்து ரூம்காரங்க பாத்ரூம்ல தண்ணி சரியா வரல. இன்னிக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறியா?"

ஷாந்தினி திரும்பி மேலே போனாள். கோபித்திருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் போனதுதான் அக்காவை வாட்டியது.

அவளுக்கு மறுநாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை. அதற்கு முதல்நாள் முழுவதும் ஒன்றும் சாப்பிடக் கூடாது. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு அறைக்கும் கழிப்பறைக்குமாக அலைய வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ரொஸ்னித்தா கீழே கருவாடு பொரித்து சம்பல் கிளறிக்கொண்டிருந்ததும், மேலே ஏழு பேரில் யாராவது ஒருவர் எப்போதும் பாத்ரூமுக்குள் இருந்ததும்தான். மாலையில் ஷாந்தினி வெளிறிய முகத்தோடு படியில் நின்று, "ஆன்ட்டி, ப்ளீஸ். இந்த வாசன எனக்குத் தாங்கல. கதவ மூடிச் சமைக்கச் சொல்லுங்க" என்றாள்.

அக்கா அதை மலாயில் எப்படி நோகாமல் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே, ரொஸ்னித்தா ஒரு தட்டில் சோறும் கருவாடும் போட்டு எடுத்து வந்து ஷாந்தினியிடம் நீட்டினார். "சாப்பிடும்மா, முகமெல்லாம் வாடியிருக்கே." ஷாந்தினிக்கு மலாய் அவ்வளவாக வராது. கையைக் குறுக்கே ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனாள். நீட்டிய தட்டோடு அந்த அம்மாள் நின்றார்.

மனசு கேட்காமல் அக்கா கொஞ்ச நேரம் கழித்து இரண்டு வடையைத் தட்டில் வைத்து ஷாந்தினியின் கதவைத் தட்டினார். கதவு சிறிதளவு திறந்தது.

"ஆன்ட்டி, நான் ஒன்னும் சாப்பிடப் போறதில்ல. நாளைக்குக் காலைல போயிட்டு மத்தியானம் வந்துருவேன். எனக்காகக் காத்திருக்க வேணாம், மெசேஜ் பண்ண வேணாம். நானே பாத்துக்குவேன். ஓகே?"

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் கதவு மூடியதும் அக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல ஆகிவிட்டது. இனி அந்தப் பெண்ணின் காரியத்தில் தலையிடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஷாந்தினி தானே போனில் ஒரு காடியை, வாடகைக் காரை, வரவழைத்து ஏறிப் போனாள். மத்தியானம் வரவில்லை. அக்கா மேலே போய்ப் பார்த்தார். அறை பூட்டியிருந்தது. கீழே வந்து துணி மடித்தார். மறுபடி மேலே போனார். கூப்பிடலாமா என்று போனை எடுப்பார், 'மெசேஜ் பண்ண வேணாம்' என்றது நினைவுக்கு வரும், வைத்துவிடுவார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அன்று எனக்கு அலுவலகம் அரைநாள். வீட்டில் இருந்த என்னிடம் வேலி ஓரமாக வந்து நின்றார்.

"அகல்யா, அந்தப் பொண்ணு இன்னும் வரல."

"கடைக்கு எங்கயாச்சும் போயிருப்பாங்கக்கா. ஜோங்கர் தெருப் பக்கம் சுத்திப் பாக்கப் போயிருக்கலாம்."

"நேத்து முழுக்க ஒன்னும் சாப்பிடாத பொண்ணு எங்கலா போயி சுத்தும்?"

அக்கா சொன்னது சரிதான். ஆனாலும் பெரிய பெண், படித்தவள், அவளே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், நாம் போய் நோண்டினால் நன்றாக இருக்காது என்று நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். இன்று நினைத்தாலும் அது எனக்கு உறுத்துகிறது.

மழை கொட்ட ஆரம்பித்த பிறகு ரொஸ்னித்தா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். ஸைனலுக்கு அடைப்பை நீக்கிக் குழாய் வைத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார், மற்றவர்களெல்லாம் அங்கேயே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, "சிங்கப்பூர்ப் பிள்ளை தூங்குகிறாளா?" என்று கேட்டார்.

"வரவே இல்லையே" என்றார் அக்கா.

அந்த அம்மாளின் முகம் மாறியது. மத்தியானம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஷாந்தினியைப் பார்த்திருக்கிறார். கையில் பஞ்சு ஒட்டியிருந்ததாம், கால் தள்ளாடியதாம். கூப்பிட்டதற்குச் சிரித்துவிட்டு வெளியே போய் ஒரு வெள்ளைக் காடியில் ஏறினாளாம். வீட்டுக்குத்தானே போகிறாள் என்று இவர் விட்டுவிட்டார். "கூடவே போயிருக்கணும், கூடவே போயிருக்கணும்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டிய தட்டில் நான் பயந்தே போனேன். மூன்று பேருமாக நின்று ஷாந்தினிக்குப் போன் போட்டோம். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அக்காவின் கை என் தோளை அழுத்தியது. ஆற்றோரம், பெரிய சாலை, லாரி என்று அவர் மனசுக்குள் என்னென்னவோ ஓடியிருக்கும். கணேஸ்வரன் அண்ணன் படகுத்துறையில் ஆட்களுக்காகக் காத்திருந்தார், அவரும் வர முடியாது.

கடைசியில் ஓர் ஆண் குரல் எடுத்தது. மலாய்க்காரர், காடி ஓட்டுகிறவர். பின்சீட்டுக்கு அடியில் ஏதோ அதிர்கிறதே என்று வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தாராம். "அந்த அக்கா போனை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஏறினதிலேர்ந்து தூக்கம். எழுப்பித்தான் இறக்கிவிட்டேன்." எங்கே என்று கேட்டோம். அவர் சொன்ன தாமான், அந்தக் குடியிருப்பு, எங்களுடையது இல்லை. பேர் ஏறக்குறைய ஒன்று, லோரோங் என்கிற தெருவின் எண்ணும் ஒன்று, ஆனால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். போனில் காடியை அழைக்கும்போது அரைத்தூக்கத்தில் ஷாந்தினி தவறான பெயரைத் தொட்டிருக்கிறாள்.

என் காடியில் கிளம்பினோம். மழையில் முன்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. அந்த லோரோங்கில் போய் நின்றால் எல்லா வீட்டுக் கதவும் மூடியிருக்கிறது. ஒரு மனிதத் தலை இல்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தோம். முன்பின் தெரியாதவர் வீட்டு மணியை அடித்து என்னவென்று கேட்பது? எனக்குக் கூச்சம். அக்காவுக்கும்தான். வருஷக்கணக்காக வாழ்கிற ஊரில் நாங்கள் இருவரும் காடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

ரொஸ்னித்தா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். குடை இல்லை. தலைத்துணியோடு நனைந்துகொண்டு முதல் வீட்டு இரும்புக் கதவைப் பிடித்து ஆட்டி, "அஸ்ஸலாமு அலைக்கும்! யாராவது இருக்கீங்களா? என் பிள்ளையைக் காணோம்!" என்று கத்தினார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. சீனர் வீடா, மலாய்க்காரர் வீடா என்றெல்லாம் பார்க்கவில்லை. நாய் குரைத்தாலும் நகரவில்லை. கடல் தாண்டி வந்த ஊரில், தன் சொந்தக் கம்போங்கில், தன் கிராமத்தில் தேடுவதுபோல அந்த அம்மாள் தேடினார். அதைப் பார்த்ததும் ஜெயாக்காவும் இறங்கி எதிர்ப்பக்கக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தார். நான் வண்டியைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன்.

ஒரு வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த சீனக் கிழவர் கை நீட்டிக் காட்டினார். தெருக்கோடியில் பிள்ளைகள் விளையாடும் திடல், அதில் ஓடு வேய்ந்த ஒரு சிறு கொட்டகை.

அங்கே சிமெண்டுப் பெஞ்சில், தன் ஆஸ்பத்திரிக் கோப்பைத் தலையணையாக வைத்து, முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள் ஷாந்தினி. செருப்புகள் கீழே ஜோடியாக இருந்தன. சாரல் ஒரு பக்கம் முழுவதும் நனைத்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா அருகில் போகப் பயந்து அப்படியே நின்றுவிட்டார். ரொஸ்னித்தாதான் போய்த் தொட்டு, "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சொல்லி அவளை வாரி மடியில் சாய்த்துக்கொண்டார்.

ஷாந்தினி கண்ணைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள். "ஸாரி ஆன்ட்டி. வீட்டு கேட் திறக்கல. கொஞ்ச நேரம் உக்காரலாம்னு..." என்றாள். பிறகு அவளுக்கு நடுக்கம் எடுத்தது.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். பயப்பட ஒன்றுமில்லை, தூக்க ஊசியின் மயக்கம், பட்டினி, குளிர் என்று சொல்லிச் சிறிது நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊசி போட்டவர்களைத் துணை இல்லாமல் விடுவதில்லையாம். கீழே ஆன்ட்டி காத்திருக்கிறார் என்று தாதியிடம் பொய் சொல்லிவிட்டு இவள் இறங்கி வந்திருக்கிறாள்.

அன்று இருட்டியதும் எல்லோரும் ஜெயாக்காவின் அடுப்படியில்தான் இருந்தோம். ஷாந்தினி கஞ்சி குடித்தாள். கேட்காமலே சொன்னாள். அவளுடைய அப்பா குடல் புற்றுநோயில் இறந்தவர். இவளுக்கும் இரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. அம்மாவிடம் கோலாலம்பூரில் ஆபீஸ் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"சிங்கப்பூர்லயே பாத்திருக்கலாமேமா?" என்றார் அக்கா.

"அங்க பாத்தா யாராச்சும் தெரிஞ்சவங்க கண்ணுல படும், அம்மா காதுக்குப் போயிரும். அவங்க ஏற்கெனவே ஒரு தடவ பட்டுட்டாங்க ஆன்ட்டி. யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

"நீ சொல்லாததுதான்மா பெரிய தொந்தரவு!" ஜெயாக்கா கத்தியே விட்டார். அவர் விருந்தாளியிடம் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "மத்தியானத்துலேர்ந்து எனக்கு உசுரே இல்ல. போன் பண்ணா நீ கோவிச்சுக்குவியோன்னு கைல வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்படி ஏதாச்சும் ஆயிருந்தா உங்கம்மா மூஞ்சில நான் எப்படிலா முழிக்கிறது?"

ஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பேச்சு என்று ரொஸ்னித்தா கேட்டார். அக்கா மலாயில் சொன்னார். கேட்டுவிட்டு அந்த அம்மாள் நம்ப முடியாமல், "நோயை வீட்டில் சொல்லவில்லையா? பிறகு யார் இறைவனிடம் துஆ செய்வார்கள்?" என்றார். அக்கா அதை ஷாந்தினிக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவள் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினார்.

சோதனையில் எடுத்த சதைத் துணுக்கின் முடிவு அடுத்த வாரம்தான் வரும். அதுவரை ஷாந்தினி அங்கேயே தங்கினாள். அந்த நாட்களில் அக்கா ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஸைனலுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று அந்த ஒரு கவலை. பாத்ரூமில் இந்தப் பெண் இருக்கும்போது சத்தமில்லாமல் இருந்தால் இன்னொரு கவலை. ஷாந்தினி பேச்சு அதிகமாகப் பேசிவிடவில்லை. ஆனால் சாப்பிடக் கீழே வந்தாள். கருவாடு மட்டும் அவளுக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

முடிவு சொல்லும் நாளன்று அவள் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, கூட வர்றீங்களா?" என்று கேட்டாள். அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், ரொஸ்னித்தாவும் அவருடைய நாத்தனாரும் ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று யார் சொல்வது? டாக்டர் அறைக்குள் நால்வரும் நுழைந்ததைப் பார்த்து அவர், "இவர்களெல்லாம் யார்?" என்று கேட்டிருக்கிறார். "ஃபேமிலி" என்று ஷாந்தினி சொன்னாளாம். அதற்குமேல் விளக்க அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றார் அக்கா.

டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் தன் காதுக்குள் வண்டு பறப்பதுபோல இருந்ததாம் அக்காவுக்கு. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாராம். புற்றுநோய் இல்லை. வளர்ந்தால் அப்படி ஆகக்கூடிய ஒரு சதை, முழுவதும் எடுத்தாகிவிட்டது, மூன்று ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஷாந்தினி அப்பாவின் நோயைப் பற்றி, மருந்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். குரல் உடையவில்லை. மொழி புரியாத ரொஸ்னித்தா அக்காவின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, டாக்டருக்கு முன்னாலேயே ஓவென்று அழுதார். அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தவள் ஷாந்தினிதான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் வேனுக்குள் இருந்தவர்களுக்கே கேட்டதாம். கொஞ்ச நேரத்தில் ஷாந்தினி போனை அக்காவிடம் நீட்டினாள்.

"நீங்க யாரும்மா?"

"நான் ஜெயாங்க. மலாக்காவுல, உங்க பொண்ணு தங்கியிருக்கிற வீடு."

"நீங்களாச்சும் எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

திட்டு வாங்கிக்கொண்டே அக்கா, எந்த பஸ் ஏறி எங்கே இறங்க வேண்டும், மலாக்கா சென்ட்ரலில் எந்த வாசலில் அண்ணன் வேனோடு நிற்பார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷாந்தினியின் அம்மா சனிக்கிழமை வந்தார். பையில் தன் பாத்ரூம் கழுவும் திரவத்தோடு. மகளைப் பார்த்ததும் கன்னத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ரொஸ்னித்தா குடும்பம் டூமாய்க்குப் படகேறியபோது துறைக்கு வழியனுப்பப் போனவர்களில் தாயும் மகளும் இருந்தார்கள். கடல் சற்றுக் கொந்தளிப்பாக இருந்தது. படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் ஜெயாக்கா நகரவில்லை. இதய நோயாளி, இந்த அலையில் தாங்குவாரா என்று என்னைக் கேட்டார். "தாங்குவார்க்கா" என்றேன். ஷாந்தினி அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.